முதலில் நாற்காலி!

கேள்வி: ஜவுளிக்கடை நடத்துகிறேன். ஊழியர்கள் எப்போது பார்த்தாலும் சிடுசிடுவென்று இருக்கிறார்கள். மன அழுத்தம் குறைய யோகா வகுப்பு வைக்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தாராளமாக வையுங்கள். அதற்கு முன், உட்கார நாற்காலி போடுங்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றவருக்குப் பிராணாயாமமும் பெருமூச்சாகத்தான் வரும்!

இது தயவு அல்ல, சட்டம். கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைத் தந்துவிட்டன. அவர்கள் படும் பாட்டை இயக்குநர் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010-லேயே திரையில் காட்டியது.

உங்கள் சேலைப் பிரிவைச் சற்றுக் கவனியுங்கள். கூட்டம் இல்லாத மதியத்தில் அங்குள்ள விற்பனைப் பெண் கால் மாற்றி மாற்றி நிற்பார். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் அலமாரியில் சாய்ந்துகொள்வார். நாற்காலி இருந்தும் உட்காரப் பயந்தால் பயனில்லை. ‘உட்காரும்மா’ என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கை வைக்காதீர்கள். கழிப்பறைக்குப் போனதற்குக் கணக்குக் கேட்காதீர்கள். வாடிக்கையாளர் முன்னால் யாரையும் திட்டாதீர்கள். முதலாளியிடம் நல்ல வார்த்தை கேட்டவர்தான் வாடிக்கையாளரிடமும் நல்ல வார்த்தை பேசுவார்.