ஒரு பிக்காச்சுவுக்கு எத்தனை போளை?

கேள்வி: என் மகன் போக்கிமோன் விளையாட்டின் பிக்காச்சு அட்டையைக் கொடுத்து நாற்பது போளை வாங்கி வந்திருக்கிறான். ஏமாந்துவிட்டானா? (ஒரு தாய், உப்புவெளி)

பதில்: போளையைப் பிறகு எண்ணலாம் அம்மா, அட்டை எப்படிப்பட்டது? அடியில் ஒரு சின்னக் குறி இருந்திருக்கும். வட்டம் என்றால் சாதாரணம், சாய்சதுரம் என்றால் அவ்வளவு எளிதில் அகப்படாதது, நட்சத்திரம் என்றால் அரிது. ஆங்கிலத்தில் 1999இல் வந்த முதல் தொகுதியில் பிக்காச்சுவுக்கு வட்டம்தான்! அடுத்தது உடம்பு. நீல முதுகை யன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், காற்சட்டைப் பையில் கிடந்த அட்டையின் விளிம்பில் சோற்றுப் பருக்கை ஒட்டினாற்போல வெள்ளை தெரியும். பாதி மதிப்பு அங்கேயே போய்விடும். விளிம்பின் நடுவே தலைமுடி அளவில் ஒரு கரிய கோடும் ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் போலி என்று சந்தேகப்படுங்கள். போலிதான் என்றால் உங்கள் மகன் ஏமாறவில்லை, ஏமாற்றியிருக்கிறான். நாற்பதையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு பிக்காச்சு 50 லட்சம் டொலருக்கு மேல் போனதாமே? (மாணவன், மூதூர்)

பதில்: போனது தம்பி. 2021இல் லோகன் பால் என்ற அமெரிக்கர் வாங்கினார். விலை 52,75,000 டொலர். 1997, 98இல் ஜப்பானில் ஓவியப் போட்டியில் வென்றவர்களுக்குப் பரிசாகக் கொடுத்த அட்டை அது. அவர் முழுவதையும் காசாகக் கொடுக்கவில்லை. 40 லட்சம் டொலரோடு, தன்னிடமிருந்த அதே வகை அட்டை ஒன்றை 12,75,000க்கு ஈடாக வைத்தார். அவர் கொடுத்தது, உடம்பைப் பார்த்துப் போடும் புள்ளியில் பத்துக்கு ஒன்பது பெற்ற அட்டை, வாங்கியது பத்துக்குப் பத்து. ஒரு புள்ளிக்கு 40 லட்சம்! இனியாவது அட்டையை எச்சில் தொட்டுப் புரட்டாதே.

கேள்வி: நாங்கள் சோகி உருட்டித் தாயம் ஆடினோம். அதற்கு ஏது விலை? (ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, சீனக்குடா)

பதில்: ஐயா, நீங்கள் உருட்டியது பணம். மாலைதீவில் சோகியைக் கடலிலிருந்து அள்ளி, குழியில் போட்டுச் சதை அழிந்து வெள்ளை ஓடு மிஞ்சியதும், வங்காளத்தாருக்கு விற்று அரிசி வாங்கினார்கள். 14ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த பயணி இப்னு பதூதா எழுதி வைத்த கணக்கில், ஒரு தங்கத் தினாருக்கு 4 லட்சம் சோகி. மலிந்தால் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒதுங்கும் கரையில் அதை அள்ளத்தான் வேண்டும், ஒதுங்காத ஊரில் அதற்கு அரிசி கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் சன்சிபார் சோகியைக் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவில் இறக்கினார்கள், அங்கே அதன் விலை விழுந்தது. பேரனுக்குக் காட்ட ஆசையாக இருந்தால் பழைய பெட்டியில் தேடுங்கள். புறாத்தீவில் மட்டும் பொறுக்க வேண்டாம், 2003 முதல் அது தேசியப் பூங்கா.

கேள்வி: போன் விளையாட்டில் என்னிடமுள்ள அரிய செல்லப்பிராணிக்கு ஒருவன் சைக்கிள் தருகிறேன் என்கிறான். (வாசகர், கிண்ணியா)

பதில்: வேண்டாம். விளையாட்டுக்கு வெளியே பொருளுக்கோ காசுக்கோ மாற்றுவதைப் பல கம்பனிகள் அனுமதிப்பதில்லை, கணக்கையே மூடிவிடுவார்கள். நாளைக்கே கம்பனி அதே பிராணியை ஆயிரக்கணக்கில் இறக்கினால் சன்சிபார் கதைதான். விளையாட்டுக்குள்ளேயே மாற்றுங்கள். அங்கும் கேட்கிற விலை வேறு, கைமாறுகிற விலை வேறு. மீன் சந்தையில் காலை ஏழு மணிக்குப் பாரைக்குச் சொன்ன விலையிலா பதினொரு மணிக்கு விற்கிறார்கள்? கடைசியாக நடந்த மூன்று நான்கு மாற்றங்களைக் கொப்பியில் குறித்துவிட்டுப் பேரத்துக்குப் போங்கள்.

கேள்வி: என் ஐந்து வட்ட அட்டைக்குத் தங்கச்சி தன் ஒரே நட்சத்திர அட்டையைத் தருகிறாளாம். வாங்கலாமா? (ஒன்பது வயது, பாலையூற்று)

பதில்: நட்சத்திரம் என்றால் என்னவென்று முதலில் அவளுக்குச் சொல்லிக்கொடு. அதற்குப் பிறகும் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள். அந்த ஐந்தில் அவளுக்கு எது அவ்வளவு பிடித்துப்போனது என்று கேட்டு எனக்கு எழுது.