நாலாவது நிலம்

வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க. கல்லுப்பட்டிப் பக்கம் ரெண்டு ஏக்கர் கரிசல் வாங்கிட்டீங்களாமே! வாட்சப்புல படம் பாத்தேன். தலையில உருமா, கையில மம்பட்டி, கால்ல வெள்ளை ஷூ. மம்பட்டியில ஒட்டியிருந்த விலைச் சீட்டையாவது கிழிச்சுட்டுப் படம் எடுத்துருக்கலாம்.

நல்ல விவசாயி, நல்ல குடும்பஸ்தன், நல்ல சபையார்னு மூணுமா இருக்கப்போறேன்னு பாஸ்டர்கிட்டச் சொன்னீங்களாம். ஆறு நாள் கம்பெனிக்குக் கொடுத்துட்டு, மூணையும் ஒரே ஞாயித்துக்கிழமையில முடிக்கப் பாக்குற அந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

விவசாயம் பண்ண அம்புட்டுத் தூரம் ஏன் போகணும்னு கேக்காதீங்க. மதுரைக்கே விலாசம் நம்ம மாடக்குளம் கம்மாதான். பழைய கல்வெட்டுல ‘மாடக்குளக்கீழ் மதுரை’ன்னுதான் வெட்டியிருக்கான். அந்தத் தண்ணி பாஞ்ச வயக்காட்டு மேலதான் இப்ப நீங்க மாசாமாசம் ஈ.எம்.ஐ. கட்டுற வீடு நிக்குது. விதைக்கிறவன் உவமையைப் பாஸ்டர் பிரசங்கம் பண்ணாரே, அன்னைக்குக் கடைசி பெஞ்சுல உக்காந்து நான் கணக்குப் பாத்தேன். வழியோரம் நம்மகிட்ட இருக்கு, பைபாஸ் ரோடு. பாறைக்குப் பசுமலை. முள்ளுக்குச் சீமைக்கருவேலம். நாலாவது நிலத்தைத்தான் பிளாட் போட்டு வித்துட்டோம். வித்த காசுல கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்து, இறக்கையில பேரும் எழுதிக்கிட்டோம். எம்பேரும் அதுலதான் சுத்துது.

போன அறுப்பின் பண்டிகைக்கு நீங்க ஒரு பூசணிக்காயைத் தோள்ல தூக்கிட்டு வந்தீங்க. ஆகா, முதற்பலன்! பரவை மார்க்கெட்டுல காலையில அறுத்தது. ஏலத்துல கேக்க ஆளில்லாம அதை நீங்களே எடுத்தீங்க. உங்க வீட்டுல ஒரு வாரம் பூசணிக் கூட்டுன்னு எங்க பாப்பா சொன்னா.

கல்லுப்பட்டிக்குப் போறவருக்கு அந்த மண்ணுல இருந்த ஒரு ஆளைப் பத்திச் சொல்லாம விட்டா தப்பு. ஜே.சி. குமரப்பா. 1892ல தஞ்சாவூர்ல கிறிஸ்தவக் குடும்பத்துல பொறந்தவரு. லண்டன்ல கணக்குப் படிச்சு, பம்பாயில ஆடிட்டர், கோட்டு சூட்டு. 1929ல காந்தியைப் பாத்தாரு, அதோட போச்சு கோட்டு. ஜெயில்ல உக்காந்து இயேசுவோட உபதேசத்தைப் பத்தி ஒண்ணு, நிலைச்சு நிக்கிற பொருளாதாரத்தைப் பத்தி ஒண்ணுன்னு ரெண்டு புத்தகம் எழுதினாரு. கடைசிக் காலத்துல தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன்ல வந்து தங்குனாரு. ஒரு ஏழைக் குடியானவன் படத்தை மாட்டி வச்சுக்கிட்டு, காந்தி என் எசமான், இவரு என் எசமானோட எசமான்னு காட்டுவாராம். டிராக்டர் நல்லா உழும், சாணி போடுமான்னு அவர் கேட்டதா இன்னைக்கும் சொல்றாக. 1960ல செத்துப்போனாரு. கல்யாணம் கட்டலை. அதனாலதான் புத்தகம் எழுத நேரம் கிடைச்சதுங்கிறது என் அபிப்பிராயம். உங்க அத்தைகிட்டச் சொல்லிராதீங்க.

உங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்க பாப்பாவைக் கேட்டீங்களா? விவசாயத்துல முதச் சடங்கு பூமி பூசையும் இல்லை, ஜெபமும் இல்லை. பொண்டாட்டி நகையைப் பேங்குல கொண்டுபோய் வைக்கிறது. அவ வளையலைக் கழட்டிக் கொடுக்கும்போது உங்க மூஞ்சியை ஒரு பார்வை பாப்பா பாருங்க, அப்பத் தெரியும் நீங்க குடும்பஸ்தனா இல்லையான்னு. ‘மக்காச்சோளம் போட்டா லாபம்’னு யூடியூப்புல பாத்துட்டு வந்துருப்பீக. பாத்தவருக்குப் படைப்புழுவைத் தெரியுமா? 2018ல இந்தப் பக்கம் வந்தது. குருத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு, பயிரை நமக்கு முன்னாடி ருசி பாத்துரும். வாரத்துக்கு ஒருதரம் வர்ற மொதலாளியை அதுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கரிசல் வேற ரோசக்கார மண்ணு. மழை பெஞ்ச அன்னைக்கு உள்ள விடாது, காலைப் பிடிச்சு இழுக்கும். ரெண்டு மூணு நாள்ல பதம் வரும். அன்னைக்கு விதைக்கணும். விட்டா காஞ்சு வெடிச்சுக்கிட்டு, ‘எங்கய்யா போயிருந்த?’ன்னு கேக்கும். புரட்டாசியில ஒரு வியாழக்கிழமை நல்ல மழை பெய்யுதுன்னு வைங்க. பதம் ஞாயித்துக்கிழமை வந்து நிக்கும். உங்களுக்கு அன்னைக்குக் கமிட்டிக் கூட்டம், எட்டரைக்கு ஆராதனை, பாடகர் குழுவுல வேற சேந்துட்டீங்க. என்ன செய்வீங்க?

முழிக்காதீங்க. ஓய்வுநாள்ல மாடு கிணத்துல விழுந்தா தூக்கிவிட மாட்டீங்களான்னு ஆண்டவரே கேட்டுருக்காரு. நீங்க ஷூவைக் கழட்டி வச்சுட்டு முத பஸ்ஸைப் பிடிங்க. மாப்பிள்ளையோட மாடு கிணத்துல விழுந்துருச்சுன்னு பாஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். உங்ககிட்ட மாடே கிடையாதுங்கிறது அவருக்குத் தெரியும். பரவாயில்லை, அதுக்குள்ள ஒண்ணு வாங்கிருங்க.