800 சதவீத சந்தோஷம்

கேள்வி: '800% டிவிடெண்ட்' என்று அறிவித்த கம்பெனியின் பங்கை ஆசையாக வாங்கினேன். பணம் கைக்கு வருவதற்குள் விலை இறங்கிவிட்டதே, ஏன்?
- வாசகர், ஈரோடு

பதில்: 800% என்பது முகமதிப்பின் மீது, சாமி! முகமதிப்பு 1 ரூபாய் என்றால் வருவது 8 ரூபாய். நீங்கள் 2,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அது வெறும் 0.4%, சேமிப்புக் கணக்கே தேவலாம். 'எக்ஸ்-டேட்' அன்று, அதாவது புதிதாக வாங்குபவருக்கு இனி இந்த டிவிடெண்ட் கிடையாது என்ற நாளில், அந்த 8 ரூபாயைக் கழித்துக்கொண்டுதான் சந்தை விலை பேசும். கறந்த பிறகு மடியில் பால் இருக்குமா? 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கு வருமான வரியும் உங்கள் தலையில்தான்.

டிவிடெண்டைக் குறைத்தாலும் விலை இறங்கும். அதனால் நிர்வாகங்கள் அதைப் பயந்து பயந்துதான் உயர்த்தும், பிறகு குறைக்க நேர்ந்தால் வம்பு என்று. பொருளாதார அறிஞர் ஜான் லிண்ட்னர் 1956-லேயே இதை எழுதிவிட்டார். குறைத்தால், 'உள்ளே ஏதோ சரியில்லை' என்று சந்தை முடிவுகட்டிவிடும். 2009 பிப்ரவரி கடைசியில் ஜெனரல் எலக்ட்ரிக் காலாண்டு டிவிடெண்டை 31 சென்ட்டிலிருந்து 10 சென்ட்டாக வெட்டியது. நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, ஒரே வாரத்தில் பங்கு 7 டாலருக்கும் கீழே. வாரன் பஃபெட்டோ பெர்க்‌ஷயர் ஹாத்வேயில் டிவிடெண்ட் கொடுத்தது ஒரே ஒரு முறை, 1967-ல், 10 சென்ட். அவருடைய பங்குதாரர்கள் ஏழையாகிவிடவில்லை.

அடுத்த முறை சதவீதத்தை மறந்துவிட்டு, எத்தனை ரூபாய், எந்த விலைக்கு என்று கணக்குப் போடுங்கள்.