மேட்டு வீட்டு இயல்: நெகிரி செம்பிலான் தோட்டங்களை முன்வைத்து

அயல்நாட்டிலிருந்து நெகிரி செம்பிலானுக்கு வந்தவர் மேட்டில் குடியேறினால் அவருக்கு ஒரு மரியாதை, பள்ளத்தில் குடியேறினால் வேறொன்று. லுக்குட்டிலிருந்து மந்தின் வரை ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதிக்குப் பல்கலைக்கழகங்கள் ஏனோ ஒரு நாற்காலிகூட ஒதுக்கவில்லை. அக்குறை நீங்கவே இக்கட்டுரை. ஆய்வுக் கருவிகள்: ஒரு பழைய மோட்டார் சைக்கிள், ஒட்டுக்கடைத் தே தாரிக், தேவைப்பட்ட அளவு.

முதல் மாதிரி, வெள்ளைக்காரத் துரை. மேட்டில் அவர் பங்களா, புல்தரை, நாய். கீழே ஸ்டோர், புகை வீடு, லயம். ஏன் மேடு? அறிஞர்கள் (ஒட்டுக்கடையில் காலையில் கூடுபவர்கள்) மூன்று கொள்கைகளை முன்வைக்கிறார்கள்.

கொசுவுக்குப் பயந்து என்பது முதலாவது. இதை மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கெடுத்துவிட்டார். சிலாங்கூரின் தாழ்நிலத்தில் வாய்க்கால் வெட்டியதும் காய்ச்சல் ஓடியது. மேட்டுத் தோட்டங்களில் அந்த வைத்தியம் பலிக்கவில்லை. அங்கே மலேரியாவைப் பரப்பிய அனோபிலஸ் மாகுலேட்டஸ் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் முட்டையிடும். காட்டை அழித்து ஓடைக்கு வெயில் காட்டியதோ தோட்டம் போட்டவர்களேதான்! கொசுவுக்குப் பயந்தவர் மேடேறினால் கொசுவின் பிரசவ அறைக்கே போய்ச் சேர்வார்.

ஆட்களைக் கண்காணிக்க என்பது இரண்டாவது. குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும் என்பதால் விடியுமுன்னே ஆள் எண்ணும் பெரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கோடு ஆட்கள் மர நிரைக்குள் போய்விடுவார்கள். வராந்தாவில் நின்ற துரைக்கு இலையைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. பார்க்கும் வேலைக்குக் கங்காணி இருந்தார்.

எஞ்சியது நாற்றக் கொள்கை. கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் ஊறிக் கிடக்கும் ஸ்டோரின் வாடை, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் லயத்துக்குத்தான் வரும். இயற்பியல் இதை ஏற்காது. லயத்தில் வாழ்ந்த எவரும் மறுத்ததில்லை. கட்டுரையாளரும் இக்கட்சியே.

1981 செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரி மலேசியாவின் கைக்கு வந்தது. இனி மேடும் பள்ளமும் ஒன்று என்று நினைத்தவர்கள் உண்டு. துரைகள் போனார்கள், உள்ளூர் மேனேஜர் அதே பங்களாவுக்கு ஏறினார், மறு வாரமே அவரும் துரை. மேடு ஆளைப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் தோட்டங்கள் தாமான்களாயின, அதாவது குடியிருப்புகளாயின. 2014இல் பண்டார் என்ஸ்தெக்கில் இங்கிலாந்தின் எப்சம் கல்லூரி கிளை விரித்தது. விமானிகளும் ஆசிரியர்களும் குடும்பத்தோடு வந்தார்கள். ஆனால் புல்டோசர் மேட்டையெல்லாம் மட்டமாக்கியிருந்தது. இங்கே நம் இயலே செத்திருக்க வேண்டும். செத்ததா? தாமான் வாசலில் சிவப்பு வெள்ளைக் குழாய் ஒன்று முளைத்தது, மேட்டு வேலையை அது பார்க்கிறது. அடையாள அட்டையைப் பிடித்து வைக்கக் காவலருக்கு அதிகாரமில்லை என்பது சட்டம். கொடுக்காவிட்டால் குழாய் எழும்பாது என்பது நடைமுறை.

அட்டை என்றதும் ஓர் இடைச்செருகல். 2002 முதல் அரசு அயல்நாட்டவரை ‘மலேசியா என் இரண்டாவது வீடு’ என்று அழைக்கிறது. 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதோரின் சிவப்பு அட்டையோடு வேலை பெர்மிட்டுக்கு நின்று, கிடைக்காமல் கப்பலேறிய தோட்டத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு இது முதல் வீடாகவே கணக்கில் ஏறவில்லை. பள்ளத்திலிருந்து கொடுத்த விண்ணப்பம் அது.

கடைசி மாதிரி இவ்வியலுக்குச் சிக்கல் தருகிறது. லயத்தில் பிறந்த ஒருவர் எஞ்சினியராகி, குழாய்க்கு உள்ளே வீடு வாங்கி, அம்மாவையும் கூட்டி வந்துவிட்டார். அம்மா இன்றும் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார். நீச்சல் குளத்தைக் காட்டி, “இங்கதாம்பா என் நெரை. அந்தப் பக்கத்து மரமெல்லாம் பாலே குடுக்காது” என்றார். குளத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை மிதவையோடு நீந்திக்கொண்டிருந்தது. எந்த மரம் எவ்வளவு கொடுத்தது என்பதை அம்மா அந்தப் பிள்ளையின் தாய்க்கும் மலாயில் விளக்கினார். தலையாட்டல் கிடைத்தது.

இவர் மேட்டுக்காரரா, பள்ளத்துக்காரரா? விடை நாற்றக் கொள்கையிலேயே கிடைத்தது. ஒருநாள் விடியலில் அம்மா நெத்திலி வறுத்தார். அண்டை வீட்டார் வாட்ஸ்அப் குழுவில் ‘இனம் தெரியாத வாடை’ பற்றிப் புகார் போட்டார்கள். குடியிருப்போர் சங்கம் விசாரிக்கச் சொல்லி நேபாளக் காவலரை அனுப்பியது. அவர் போய் வெகுநேரம் கழித்து, கையில் ஒரு மூடிய டப்பாவோடு திரும்பினார். சாவடிப் பதிவேட்டில் அன்றைய பக்கத்தில் ஒரே வரி: வாடை எதுவும் இல்லை.