எருமைக்கு ஏன் ரசிகர் இல்லை?

போன வாரம் என்னை ஆமை ஆக்கிவிட்டார்கள். மூக்குக் கண்ணாடி, அரைக்கைச் சட்டை, பையில் பேனா, கையில் மடித்த செய்தித்தாள், முதுகில் ஓடு. வரைந்தது யாரோ ஓர் ஓவியர். காசு கொடுத்து வரைய வைத்தது அக்கா மகன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் விழுந்த மறுகணம் சித்தப்பாவில் ஆரம்பித்து ஒன்றுவிட்ட மச்சினி வரை "அப்படியே இருக்கு" என்று போட்டார்கள். படத்தில் பெயர் இல்லை. இது யார் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம், ஒரு மரியாதைக்கு.

பெரியம்மா மட்டும் தனியாக போன் செய்தார். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "ஆமை புகுந்த வீடு உருப்படாதுடா, முதல்ல அதை போன்லேர்ந்து அழி" என்றார்.

பையன் இருப்பது பிட்ஸ்பர்க்கில். பிட்ஸ்பர்க் என்றால் நமக்கு வெங்கடாசலபதி கோயில், அவ்வளவுதான். 1970-களிலேயே கட்டிவிட்டார்கள். பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோரை நயாகராவுக்கு அடுத்து அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவது. அக்காவும் நின்றுவிட்டு வந்தவள். அதே ஊரில் ஆந்த்ரோகான் என்று இன்னொரு திருவிழா 2006 முதல் கோடையில் நடந்து வருவதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு காலில் நடந்து, சட்டை போட்டு, மனிதரைப் போலவே பேசிச் சிரிக்கும் விலங்குகளை வரைகிறவர்கள், அவற்றை ரசிக்கிறவர்கள், அந்த விலங்காகவே உடை தைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் என்று பத்தாயிரம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். ஃபர்ரி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஊர்வலம் உண்டு. உள்ளூர்க்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வந்து வேடிக்கை பார்க்கிறார்கள். இவனும் வேடிக்கை பார்க்கத்தான் போனான். நரியாகத் திரும்பி வந்தான்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஃபர்சோனா இருக்கும் மாமா. உள்ளுக்குள்ள நாம என்ன விலங்கோ, அது."

"அப்ப என்னை யாரு ஆமைன்னு முடிவு பண்ணினது?"

"நான் பண்ணலை மாமா. உங்களைப் பத்தி ஓவியர்கிட்ட கொஞ்சம் சொன்னேன், அவரா வரைஞ்சிட்டார்."

அந்தக் கொஞ்சம் எது என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறான்.

மனிதனுக்கு இந்தப் படங்கள் மேல் ஏன் இத்தனை பிரியம் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

ஜெர்மனியில் ஒரு குகையில் 1939-ல், இரண்டாம் உலகப் போர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, மம்மூத் யானையின் தந்தத்தில் செதுக்கிய பொம்மையொன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. பிறகு பொறுமையாக ஒட்டிப் பார்த்தால் மனித உடல், சிங்கத் தலை. ஓரடி உயரம். வயது சுமார் 40,000 ஆண்டு. இதைப் பையன் குழுவில் பெருமையாகப் போட்டான், நாங்கள் ஒன்றும் நேற்று வந்தவர்கள் இல்லை என்று காட்ட. "நம்ம நரசிம்மரை எப்ப தூக்கிட்டுப் போனானுங்க?" என்று அக்கா கேட்டாள். அன்றிலிருந்து அந்தப் படம் 'பகிருங்கள்' என்ற குறிப்போடு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எகிப்தில் 3,000 ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு பாப்பிரஸ் சுருள், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சிங்கமும் மானும் நாற்காலி போட்டு உட்கார்ந்து சதுரங்கம் மாதிரி ஏதோ ஆடுகின்றன. பக்கத்தில் பூனை வாத்து மேய்க்கிறது. கியோட்டோவின் கோசான்ஜி கோயிலுக்குச் சொந்தமான 12, 13-ஆம் நூற்றாண்டுச் சுருள்களில் தவளை முயலோடு மல்லுக்கட்டிக் கவிழ்த்துகிறது. குரங்குச் சாமியார் தவளைப் புத்தருக்குப் பூசை செய்கிறார். வரைந்தவர்களுக்கு என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். ராஜாவையும் சாமியாரையும் நேராகக் கிண்டல் செய்தால் தலை போகும், தவளையைக் கிண்டல் செய்தால் யார் கேட்பது? அந்தக் காலத்து விலங்கு, நம் அசட்டுத்தனத்தை நமக்கே காட்ட வந்த விலங்கு. அழகாக இருக்க வேண்டும் என்கிற கட்டாயம் அதற்கு இல்லை.

அழகு பிறகு வந்தது. 1902-ல் பியாட்ரிக்ஸ் பாட்டர் தன் முயலுக்கு நீலக் கோட்டு மாட்டினார். (அந்த முயலின் அப்பாவைத் தோட்டக்காரர் மனைவி ஏற்கெனவே சமைத்துவிட்டிருக்கிறார் என்பதையும் அதே புத்தகத்தில் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு என்ன மனத்திடம்!) 1973-ல் டிஸ்னிக்காரர்கள் ராபின் ஹூட்டை நரி ஆக்கினார்கள். ஒரு தலைமுறையே அந்த நரியிடம் மனத்தைப் பறிகொடுத்தது. 1980-ல் பாஸ்டனில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டின் ஓவியக் கண்காட்சியில், ஸ்டீவ் கலாச்சி என்பவர் ராணுவ உடை போட்ட ஒரு பூனைப் பெண்ணை வரைந்து மாட்டினார். அதைச் சுற்றி நின்று பேசத் தொடங்கியவர்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. 1989-ல் கலிபோர்னியாவில் முதல் தனி மாநாடு. அறுபது சொச்சம் பேர் வந்தார்கள். மீதியைத்தான் பிட்ஸ்பர்க்கில் பார்க்கிறோமே.

சரி, அத்தனை பேரும் என்ன விலங்காக வருகிறார்கள்? அதிகம் ஓநாய். அடுத்து நரி. அப்புறம் நாய், சிறுத்தை, புலி, இல்லாவிட்டால் டிராகன். எருமை எங்கே என்று கேட்டேன். "அப்படி ரொம்ப யாரும் எடுத்துக்கறதில்லை மாமா" என்றான்.

எடுத்துக்கொள்வதா? எங்கள் வீட்டில் எருமையை யாராவது எடுத்துக்கொண்டா ஆனோம்? ஒதுக்கீடு செய்தார்கள். காலை ஆறு மணிக்கு மேல் பாயில் கிடந்தால் எருமை. பல் தேய்க்காமல் காபி கேட்டால் பன்றி. கணக்கு வாத்தியார் வகுப்புக்குள் நுழையும்போது நாங்கள் கழுதை. விடைத்தாள் கொடுக்கும்போதும் கழுதை, ஆனால் முன்னது பொதுவாக, பின்னது பெயர் சொல்லி. சைக்கிள் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினால் கோயில் மாடு. ஒல்லியாக இருந்தால் தேவாங்கு, சாப்பிட்டு உடம்பு வைத்தால் காண்டாமிருகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு விலங்கு இருப்பதாக எங்கள் அத்தைக்குத் தெரியாது. கூப்பிட்ட குரலுக்கு வராவிட்டால் மறுபடியும் எருமை, இந்த முறை மழையில் நிற்கிற எருமை. பாட்டி மட்டும் "கழுதை, சாப்டியா?" என்பாள். அதில் பாசம் வழியும், ஆனாலும் கழுதைதான். ஒரே நாளில் நான் ஐந்து விலங்காக இருந்திருக்கிறேன், ஒரு பைசா செலவில்லாமல். பிட்ஸ்பர்க்கில் ஒரே ஒரு விலங்காவதற்கு உடைக்கு மட்டும் ஆயிரக்கணக்கான டாலர் ஆகிறதாம்.

எங்கள் அப்பாவிடம் ஒரு சிறப்பு உண்டு. அவர் விலங்கை மாற்றவே மாட்டார். அண்ணன் எருமை என்றால் எருமைதான். பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தான், எருமை. வங்கியில் வேலை கிடைத்தது, "எருமைக்கு வேலை கிடைச்சிருச்சு" என்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் வாய் தவறி அதே பெயர் வந்து, பெண்ணின் அப்பா சட்டென்று சிரித்து, "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குங்க" என்று தன் மகனைக் காட்டியதில்தான் சம்பந்தமே முடிவானது. இப்போது அண்ணனுக்குப் பேரன் பிறந்தாயிற்று. அவனை எருமைக் குட்டி என்கிறார்கள். இது குலத்தொழில் ஆகிவிட்டது.

ஊருக்குள் பெரிய மனிதர் ஆனால்தான் விலங்கு மாறும். பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் தலைவர் நடந்து வருவார், கூடவே ஒரு சிங்கமும் நடந்து வரும். இல்லாவிட்டால் கருஞ்சிறுத்தை. எதிரிக்குப் பச்சோந்தி, பெருச்சாளி, குள்ளநரி எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். தனக்கென்று வரும்போது மட்டும் சிங்கத்துக்குக் கீழே இறங்க ஒருவருக்கும் மனம் வராது. பிட்ஸ்பர்க் ஓநாய்களும் இந்த ஃப்ளெக்ஸ் சிங்கங்களும் ஒரே சாதிதான். உழுது, பால் கறந்து, சந்தைக்குப் போய் வந்த விலங்கு யாருக்கும் வேண்டாம். அதிலும் நரி! பாட்டி சுட்ட வடையைத் திருடியது காக்கா, அதைக் காக்காவிடமிருந்து அடித்தது நரி. படித்த பையன் உள்ளுக்குள் தேடிப் பார்த்து அந்தக் கதையில் நரியைக் கண்டெடுக்கிறான். வடை சுட்டவளைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பில்லை.

விளக்கம் சொல்கிறேன் என்றேன். கொன்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதினார்: பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம் இருந்தால் குழந்தையைப் பார்த்த மாதிரி நம் மனம் இளகிவிடுமாம். ஸ்டீபன் ஜே கூல்ட் மிக்கி மவுஸை அளந்து பார்த்து, ஆண்டுகள் போகப் போக அதன் தலையும் கண்ணும் பெருத்து முகம் குழந்தையாகிக்கொண்டே வருவதைக் காட்டினார். இதில் என் விளக்கம் எங்கே வருகிறது என்றால், ஆமைக்குத் தலையும் சின்னது, கண்ணும் சின்னது, கன்னம் கிடையவே கிடையாது. அப்படியானால் அந்த ஓவியர் எந்த நோக்கத்தில்... இருக்கட்டும், இதைப் பையனிடமே பேசிக்கொள்கிறேன்.

அவன் மே மாதம் வருகிறான். உடை தைக்கக் கொடுத்தாயிற்றாம், கூடவே கொண்டு வருகிறான். தலைக்குள் ஸ்பாஞ்சு, அதற்குள் சின்ன மின்விசிறி, வாயில் விட்டுக் குடிக்க உறிஞ்சுகுழல், கண் சரியாகத் தெரியாததால் கையைப் பிடித்து நடத்திச் செல்ல ஓர் ஆள். பிட்ஸ்பர்க்கிலேயே ஏசி அறைக்குள் தலையைக் கழற்றி வைத்துவிட்டு விசிறி முன் உட்கார்ந்துவிடுகிறார்களாம். கத்திரி வெயிலில் சென்னையில் இதைப் போட்டுக்கொண்டு எங்கே போவான், கையைப் பிடித்துக்கொண்டு யார் போவது என்றெல்லாம் அக்கா கேட்கவில்லை. அவள் கவலை துவைப்பதில். வாஷிங்மெஷினில் போடக்கூடாதாம், தண்ணீரில் அலசி நாள் முழுக்க உலர்த்த வேண்டுமாம். மொட்டை மாடியில் நரியைக் காயப்போடலாமா என்று அடுக்ககச் செயலாளரிடம் என்னைக் கேட்டு வரச் சொல்கிறாள். அந்த மனிதர் ஏற்கெனவே மூன்றாவது மாடிக்காரரின் புறாக்கள் விஷயமாக யாரோடும் பேசுவதில்லை. நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.