வாரி வழங்கும் வாரியங்கள்

நம் தேசத்துத் தேர்வு வாரியங்களுக்குள் ஒற்றுமையில்லை என்று யாரும் பழிக்கக் கூடாது. 2017 ஏப்ரல் 24 அன்று சி.பி.எஸ்.இ.யும் மாநில வாரியங்களுமாக 32 வாரியங்கள் டெல்லியில் கூடி, இனி மாடரேஷன் என்ற பெயரில் மார்க்கை ஊதிப் பெருக்குவதில்லை என்று முடிவெடுத்தன. நேரம் பார்த்த அழகே அழகு! அந்த வருஷத்து சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச் 9-இலேயே தொடங்கி, முடியும் தறுவாயில் இருந்தது. பிள்ளைகள் முதலில் எழுதிவிட வேண்டும். விதி பின்னாலேயே வரும். மே 23-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தலையில் குட்டி, இந்த வருஷத்துக்குப் பழைய முறையே தொடரட்டும் என்றது.

மாடரேஷன் கெட்ட காரியமல்ல. ஒரே பாடத்துக்கு வெவ்வேறு செட் வினாத்தாள் கொடுத்து, அதில் ஒன்று மட்டும் கடினமாகிப்போனால், அந்தச் செட் கிடைத்த பிள்ளைக்கு ஈடுகட்டத்தான் அது வந்தது. ஈடுகட்ட வந்தவர்கள் ஏலம் கூற ஆரம்பித்தார்கள். பக்கத்து வாரியம் அள்ளிக் கொடுத்தால் நம் பிள்ளைக்கு காலேஜ் சீட் போச்சே! அன்றைய சி.பி.எஸ்.இ. கணித மார்க்கை வரைபடமாகப் போட்டால், 95 என்ற இடத்தில் மட்டும் கோடு கொடிமரம் போல எழும்பி நிற்கும். அத்தனை பேரும் ஒரே மாதிரி கணக்குப் போட்டார்களாம், நம்புங்கள்.

2021-இல் கொரோனாவால் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. அப்படியும் அந்த வருஷம் டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சில, கட்-ஆஃப் 100 சதவீதம் என்று அறிவித்தன.

சரி, வாரியங்களைத் திருத்தினார்களா? அவ்வளவு சிரமம் எதற்கு! 2022-இல் பல்கலைக்கழகத்தில் சேர க்யூட் என்று இன்னொரு பரீட்சையைக் கொண்டுவந்தார்கள். தப்பு செய்தது வாரியம், முட்டிபோடுவது பிள்ளை. கோச்சிங் சென்டர்காரர்களுக்குக் கல்லா நிறைந்தது.

க்யூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை மட்டும் சுத்தபத்தமானதாக்கும். அதுவே நடத்திய 2024 நீட் மருத்துவ நுழைவுத் தேர்வில் அதன் லட்சணம் தெரிந்தது. சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு, மொத்தம் 720. ஒரு கேள்வியை விட்டால் 716, தப்பாக எழுதினால் 715. நடுவே 718-உம் 719-உம் எங்கிருந்து முளைத்தன? தேர்வறையில் நேரம் வீணானது என்று 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டிருந்தார்களாம். வாரியம் கொடுத்தால் ஊதிப் பெருக்கல், முகமை கொடுத்தால் கருணை! விவகாரம் உச்ச நீதிமன்றம் போனதும், ஜூன் 13-இல் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு, வேண்டுமென்றால் மறுபடி எழுது என்றார்கள். பத்தே நாளில் நடந்த மறுதேர்வுக்கு 813 பேர் வந்தார்கள். மீதி 750 பேர், இவர்கள் கருணையை ஒருமுறை பார்த்ததே போதும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் போலும்.