ஓசிக் குழம்பில் தவறி விழும் கறித்துண்டு: ஆவடி வட்டார மிலிட்டரி ஓட்டல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பிரியாணியைப் பற்றி எழுதாத பேனா தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் சாப்பாடு வாங்கினால் காசில்லாமல் ஊற்றும் மட்டன் குழம்பைப் பற்றியும், அதில் எப்போதாவது வந்து விழும் ஒற்றைத் துண்டைப் பற்றியும் உருப்படியான ஒரு கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையைப் போக்க ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்தில் பல ஆண்டுகளாக இலை போட்டு உட்கார்ந்து களப்பணி செய்திருக்கிறேன். செலவு முழுக்கச் சொந்தக் காசு.

முதலில் சொல்லிலக்கணம். பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மட்டன் குழம்பும் அப்படித்தான். மட்டனால் ஆகிய குழம்பு. ஆனால் ஓசிக் குழம்பில் உருபும் பயனும் மட்டுமல்ல, மட்டனும் சேர்ந்தே தொக்கி நிற்கிறது. இதற்கு நன்னூலில் இடமில்லை. பவணந்தியார் காலத்தில் அளவில்லாச் சாப்பாடு இல்லாததே காரணமாக இருக்கலாம்.

வரலாற்றுக்கு வருவோம். அசைவம் கிடைக்கும் இடத்துக்கு மிலிட்டரி ஓட்டல் என்று பெயர். காபி கிளப்புகளிலிருந்து பிரித்துச் சொல்ல இந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. தென்னாட்டு அசைவச் சாப்பாட்டுக்குத் தலைநகரம் என்றால் திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிதான். முனியாண்டி விலாஸ் என்ற பெயர்ப்பலகைகள் அந்த ஊரிலிருந்துதான் தமிழகமெங்கும் கிளம்பின. தை மாதம் ஓட்டல்காரர்கள் ஊர் திரும்பி, முனியாண்டி கோயிலில் இரவெல்லாம் பிரியாணி சமைத்து விடியற்காலையில் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பிரசாதத்தில் கறி தாராளமாக இருக்கும். சாமி பெயரில் ஊற்றுவது வேறு, கல்லாப் பெயரில் ஊற்றுவது வேறு என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி ஆவடி. இது ஏதோ ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கோவை என்று பலரும் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆ + அடி, இடையில் வகர உடம்படுமெய், ஆவடி. கரண்டி வாளியின் அடியைத் தொட்டதைக் கண்ட ஒரு பசித்தவன் ‘ஆ, அடி!’ என்று கூவியதே ஊர்ப்பெயர் ஆயிற்று என்பது என் துணிபு. இன்னொரு வலுவான சான்றும் உண்டு. 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது இதே ஆவடியில்தான். அந்தத் தீர்மானம் நாட்டில் எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதைப் பொருளாதார அறிஞர்கள் பேசட்டும். மிலிட்டரி ஓட்டலில் அது கலப்புப் பொருளாதாரமாக நிலைத்துவிட்டது: குழம்பு பொதுத்துறை, கறி தனியார் துறை.

சோறு விழுந்ததும் சப்ளையர் கேட்பார்: “சைடிஷ் இன்னா சார்?” மாத முதல் வாரத்தில் இதற்குச் சுக்கா, ஈரல், தலைக்கறி என்று பதில் வரும். இருபதாம் தேதிக்கு மேல் ஒரே பதில்தான்: “அப்புறம் சொல்றேன்.” அந்த அப்புறம் வராது என்பது அவருக்கும் தெரியும். இங்கே டாங்கி செய்துவரும் கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியரானாலும், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவரானாலும், இந்தப் பதிலைச் சொல்லும்போது தண்ணீர் டம்ளரைத்தான் பார்க்கிறார்கள்.

துண்டு எப்படி வருகிறது? சமையல்கட்டில் கறியை அள்ளித் தனியே வைத்துவிட்டுத்தான் குழம்பை வாளிக்கு மாற்றுகிறார்கள். அப்படியும் எலும்புச் சில்லு, சவ்வு, கொழுப்பு என்று சில தப்பி வந்துவிடும். கொழுப்பு மிதக்கும், எலும்பு அடியில் போய் உட்காரும். கைதேர்ந்த சப்ளையர் கரண்டியின் முதுகால் மேலே ஒரு தள்ளு தள்ளி, எண்ணெயும் வராமல் எலும்பும் வராமல் நடுவாந்தரத்தில் கோரி எடுப்பார். இருபது ஆண்டு அனுபவம் இல்லாமல் இது கைகூடாது. புதிதாகச் சேர்ந்த வடமாநிலத் தம்பிகளுக்கு இந்த நுட்பம் இன்னும் வரவில்லை. நேராக அடியில் விட்டுக் கோருகிறார்கள். அவர்கள் பரிமாறும் வரிசையில்தான் நான் உட்காருவது.

வாளி வற்ற வற்ற வாய்ப்புக் கூடும். ஆகவே பகல் ஒரு மணிக்குப் போகிறவன் பசிக்காரன், மூன்று மணிக்குப் போகிறவன் ஆய்வாளன். எந்த நேரத்திலும் பலிக்கிற மந்திரம் ஒன்று உண்டு: “அண்ணா, நல்லா கலக்கி ஊத்துங்கண்ணா.” இதை ஒரு இலைக்கு ஒரு முறைதான் சொல்லலாம். ஏமாற்றங்களும் உண்டு. பட்டை எலும்பாகத் தெரியும், இஞ்சி ஈரலாகத் தெரியும். கடைப்போலி என்று இலக்கணத்தார் சொன்னது இதைத்தானோ என்னவோ.

அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து அமரில்லோ நகரில் ஒரு பழைய ஸ்டேக் கடை இருக்கிறது. 72 அவுன்ஸ், அதாவது சுமார் 2 கிலோ மாட்டுக்கறியைத் தொடுகறிகளோடு ஒரு மணி நேரத்துக்குள் தின்று முடித்தால் காசு வேண்டாமாம். மேடையில் உட்காரவைத்துக் கடிகாரமும் ஓடவிடுகிறார்கள். கறியை ஓசியில் பெற இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? நம் ஊரில் அது சத்தமில்லாமல் நடக்கிறது. சத்தம் வந்தால்தான் ஆபத்து.

போன மாதம் மூன்று மணிக்கு அது நடந்தது. ஆவடிக் கடை ஒன்றில் (பெயர் சொன்னால் முதலாளி கரண்டியை மாற்றிவிடுவார்) என் இலையில் விழுந்தது சில்லு அல்ல, சவ்வு அல்ல. விரல் நீளத்துக்கு முழு நல்லி எலும்பு. ஊற்றிய தம்பியும் நானும் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவன் அடுத்த இலைக்கு நகர்ந்தான். நான் சோற்றை இழுத்து அதை மூடினேன். நல்லியை இலையில் தட்டி உள்ளே இருப்பதை எடுப்பதே முறை. தட்டினால் கல்லா வரை கேட்கும். அதனால் ரசம் வாங்கிக்கொண்டு, ரசத்தை உறிஞ்சும் சாக்கில் காரியத்தை முடித்தேன். மோர் விட்டு, இலையை மடித்து, கை கழுவிக் கல்லாவுக்கு வந்தேன்.

“சாப்பாடு ஒண்ணு,” என்றேன்.

முதலாளி சில்லறையை எண்ணி வைத்தார். வெற்றிலைச் சிவப்போடு நிமிர்ந்து கேட்டார்: “நல்லி வெந்திருந்துச்சா சார்?”